கையால் வரைந்து கணினியில் முடிக்கும் அட்டை: ஒரு மறுபதிப்புக்கான யோசனைகள்

கேட்டவர் சொன்ன விவரம் இது. 1960-களில் வந்த ஒரு குறுநாவலை, ஒரு நெசவாளர் குடும்பத்தின் கதையை, சிறு பதிப்பகம் ஒன்று மறுபதிப்பாகக் கொண்டுவருகிறது. டெமி அளவு, 160 பக்கம். பழைய அட்டை இரண்டு வண்ணத்தில் அச்சானது. ஒரு பெண்ணின் முகம், பின்னால் தறி. புது அட்டை இவர் பொறுப்பு. பேனாவும் தூரிகையும் நன்றாக வரும், போட்டோஷாப் ஓரளவு தெரியும். தறியில் ஒருவர் உட்கார்ந்திருப்பதை வாட்டர்கலரில் முழு ஓவியமாகத் தீட்டி, ஸ்கேன் செய்து, மேலே தலைப்பை டைப் செய்து பார்த்திருக்கிறார். "ஓவியம் தனியாக நன்றாக இருக்கிறது. அட்டையாகப் பார்த்தால் ஒட்டவில்லை. எங்கிருந்து மறுபடி தொடங்குவது?" என்று கேட்கிறார்.

ஒட்டாததற்குக் காரணம் உங்கள் ஓவியத் திறமையில் இல்லை. வரைந்து முடித்த ஓவியம் எல்லாவற்றையும் ஏற்கெனவே தீர்மானித்துவிடுகிறது: நிறம், வெளிச்சம், வெற்றிடம் எங்கே, கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது வரை. அதன் பிறகு வரும் தலைப்புக்கு இடம் கிடைப்பதில்லை. கிடைத்த மூலையில் உட்காருகிறது. அதனால் தூரிகையை எடுப்பதற்கு முன்பே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கோடு, எழுத்து, துணியின் சொரசொரப்பு போன்ற தளம் இந்த மூன்றும் கையால். நிறம், அளவு, இருக்கும் இடம் இந்த மூன்றும் கணினியில். முதல் மூன்றில் கையின் அழுத்தம் தெரிய வேண்டும். அடுத்த மூன்றையும் அச்சுக்குப் போகும் நாள் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பதிப்பாளர் மாற்றச் சொல்வார், நூலாசிரியரின் குடும்பத்தினர் ஏதாவது சொல்வார்கள், பக்கம் கூடும்.

ஆக, ஒரே தாளில் முழுப் படம் வேண்டாம். கோடுகள் ஒரு தாளில், தளம் இன்னொரு தாளில், தலைப்பு வேறொரு தாளில். பிளாக் அச்சுக் காலத்தில் வேலையே இப்படித்தான் நடந்தது. கறுப்புக் கோடு ஒரு பிளாக், இரண்டாவது வண்ணம் இன்னொரு பிளாக் என்று பிரிந்து போகும் என்பதால் ஓவியர் வரையும்போதே பிரித்து யோசித்தார். உங்கள் பழைய அட்டையை உற்றுப் பாருங்கள். பெண்ணின் முகத்தில் கறுப்புக் கோடும் பின்னணியின் சிவப்பும் ஓரிரு இடத்தில் ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்கும். இரண்டு பிளாக் என்பதற்கு அதுவே சாட்சி. போட்டோஷாப்பில் இன்று லேயர் என்று சொல்வதும் இதைத்தான்.

பழைய அட்டையிலிருந்து எதை எடுத்துக்கொள்வது? முகத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அட்டையில் ஒரு முகம் இருந்தால் வாசகர் கதை முழுக்க அந்த முகத்தையே கதாநாயகிக்குப் பொருத்திப் படிப்பார். நாவலாசிரியர் சொல்லாமல் விட்ட இடத்தில் ஓவியர் நுழைந்ததாகிவிடும். தறியை மொத்தமாகக் காட்டுவதும் எனக்கு உவப்பில்லை. நெசவு என்றவுடன் எல்லோருக்கும் தோன்றும் படம் அது. இந்தக் கதைக்கென்று அதில் எதுவும் இல்லை. தறிக்குள் போய்ப் பாருங்கள். இழுத்துக் கட்டிய பாவு இருக்கிறது. நீளமான, ஒன்றுக்கொன்று இணையான, விறைப்பான நூல்கள். அதில் ஓர் இழை அறுந்தால் வேலை நின்றுவிடும், முடிச்சுப் போட்டுச் சேர்த்த பிறகுதான் தொடரும். ஒரு குடும்பத்தின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கோட்டோவியம் கிடைக்காது. முப்பது நாற்பது இழைகள், முன்னட்டையில் ஓர் இழை அறுந்து சுருண்டு தொங்குகிறது. அதே இழை பின்னட்டையில் முடிச்சோடு இருக்கிறது. அவ்வளவுதான் படம்.

இழைகளைப் படுக்கைவாட்டில் ஓடவிடுங்கள். பின்னட்டையின் ஓரத்தில் தொடங்கி, முதுகைச் சுற்றி, முன்னட்டையின் ஓரம் வரை. இதில் அழகோடு இன்னொரு பயனும் உண்டு. முதுகின் அகலம் கடைசி நேரத்தில் மாறுவது இங்கே சகஜம். காகிதம் மாறும், முன்னுரை நீளும். முதுகுக்கு மட்டும் தனி நிறம் கொடுத்திருந்தால், ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்த நிறப் பட்டை முன்னட்டையில் எட்டிப் பார்க்கும். படுக்கைக் கோடுகளில் அந்த விலகல் கண்ணுக்கே தெரியாது. அலமாரியில் முதுகு மட்டும் தெரியும்படி நிற்கும்போதும் குறுக்காக ஓடும் இழைகள் புத்தகத்தை அடையாளம் காட்டும்.

சரி, அளவுக்கு வருவோம். டெமி என்றால் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். 140-க்கு 216 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 160 பக்கம் என்பது 80 தாள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ காகிதம் ஒரு தாள் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் கனம் வரும், ஆக முதுகு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். இந்தக் கணக்கை நம்பி முடித்துவிடாதீர்கள். அதே காகிதத்தில் அதே பக்க எண்ணிக்கையில் ஒரு வெற்று டம்மி கட்டித் தரச் சொல்லி அளந்து பாருங்கள். இதே எடையில் பருமனான காகிதங்களும் கிடைக்கின்றன. அதில் அடித்தால் முதுகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடிவிடும். பின்னட்டை, முதுகு, முன்னட்டை மூன்றும் சேர்ந்து 288 மில்லிமீட்டர் அகலம். நான்கு பக்கமும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் ப்ளீடு சேர்த்தால் 294-க்கு 222.

இது ஏ4 தாளில் அடங்காது. அடங்கினாலும் அச்சு அளவிலேயே வரையச் சொல்லமாட்டேன். ஏ3 தாளில் 1.3 மடங்கு பெரிதாக வரையுங்கள், 382-க்கு 289 வரும், தாளுக்குள் சரியாக உட்காரும். சுருக்கும்போது கையின் சிறு நடுக்கங்கள் அடங்கி, நல்ல நடுக்கங்கள் மட்டும் மிஞ்சும். அதைவிடப் பெரிதாக வரைந்தால் சுருக்கிய பிறகு கோடு உயிரிழந்து, கணினியில் போட்ட கோடு போலாகிவிடும்.

கோடுகளுக்கு வழவழப்பான கெட்டித் தாள், தண்ணீரில் கரையாத இந்திய மை, இரும்பு நிப். ஸ்கேல் வைத்து ஒரு கோடுகூடப் போடாதீர்கள். வெளிர்நீலப் பென்சிலால் மெலிதாக வழிகாட்டி போட்டுக்கொண்டு, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை இழுத்தால் நீளக் கோடு விறைப்பாக வரும். நூலுக்கு நூல் கனம் மாறட்டும், சில இடத்தில் மை தீர்ந்து மெலியட்டும். ஓர் இழையை வரைந்து நாற்பது முறை காப்பி செய்து அடுக்குவது சுலபம்தான். ஆனால் அறுந்த இழை அப்போது அர்த்தமில்லாமல் போய்விடும். மற்ற முப்பத்தொன்பதும் தனித்தனி இழைகளாக இருந்தால்தான் ஒன்று அறுந்தது வலிக்கும். கையால் வரைவதற்கான முழு நியாயமும் அங்கே இருக்கிறது.

தளத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். கைத்தறித் துணி ஒரு துண்டு எடுத்து, உருளையால் மெலிதாக மை தடவி, தாளில் ஒற்றி எடுங்கள். ஊடையும் பாவும் குறுக்கும் நெடுக்குமாகத் தாளில் பதியும், சில இடத்தில் அழுத்தமாக, சில இடத்தில் விட்டுவிட்டு. எந்த டிஜிட்டல் பிரஷ்ஷும் இதைத் தராது. மையை அதிகம் தடவினால் கறுப்புத் திட்டுதான் கிடைக்கும், கொஞ்சமாகத் தடவிப் பல ஒற்றல்கள் எடுத்து நல்லதைத் தேர்ந்துகொள்ளுங்கள். இந்தத் தாளும் கோட்டுத் தாளும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த, இரண்டிலும் ஒரே மூன்று இடங்களில் சிறு கூட்டல் குறி போட்டுவையுங்கள்.

ஸ்கேனில் கோட்டையும் தளத்தையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. துணி ஒற்றலை கிரேஸ்கேலில் (வண்ணமில்லாமல்) 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, எடுத்தால் போதும். அச்சு அளவில் அதற்கு 300 இருந்தாலே நிறைவு. கறுப்புக் கோட்டுக்கு 1200 வேண்டும். ஆஃப்செட்டில், அதாவது பிளேட் போட்டு மொத்தமாக அடிக்கும் அச்சில், சாம்பல் என்று ஒன்று கிடையாது. சாம்பலாகத் தெரிவதெல்லாம் சிறு புள்ளிகள். உங்கள் கோட்டின் ஓரத்தில் சாம்பல் இருந்தால் அது புள்ளிகளாகச் சிதறி, மெல்லிய இழை பிசிறடிக்கும். அதனால் கோட்டுப் படத்தை இறுதியில் வெறும் கறுப்பு வெள்ளையாக, பிட்மேப்பாக மாற்ற வேண்டும். மாற்றும்போது ஓரம் படிக்கட்டாகத் தெரியாமலிருக்கத்தான் அந்த உயர்ந்த டிபிஐ. ஏ3 ஸ்கேனர் இல்லையென்றால் இரண்டு பகுதியாக எடுத்துச் சேர்க்கலாம். சேரும் இடம் முதுகில் வரட்டும், முன்னட்டையின் நடுவில் வேண்டாம்.

நீலப் பென்சிலை அழிக்கத் தேவையில்லை. வண்ண ஸ்கேனாக எடுத்து, சேனல்களில் நீலத்தை மட்டும் பாருங்கள். வெளிர்நீலம் அங்கே கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும், கறுப்பு மை அப்படியே நிற்கும். அந்தச் சேனலைத் தனியாகப் பிரித்து, லெவல்ஸில் தாளின் நிறத்தை வெள்ளைக்குத் தள்ளி, அப்புறம் எல்லாவற்றையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று மட்டும் பிரிக்கும் த்ரெஷ்ஹோல்டு கொடுங்கள். ஆட்டோ பொத்தானை நம்ப வேண்டாம், மெலிந்த கோடுகளைத்தான் அது முதலில் தின்னும். இல்லஸ்ட்ரேட்டரில் இமேஜ் ட்ரேஸ் கொடுத்து வெக்டராக்கலாமா (புள்ளிகளை வளைகோடுகளாக மாற்றலாமா) என்றால், இந்த இழைகளுக்கு வேண்டாம். மை விட்டுப்போன இடங்களையெல்லாம் அது மெழுகிவிடும்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கோடு, துணி ஒற்றல், எழுத்து மூன்றையும் ஒரே விகிதத்தில் சுருக்குங்கள். கோட்டைப் பாதியாகச் சுருக்கி, துணியின் இழைநயத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால், பார்ப்பவருக்கு ஏனென்று சொல்லத் தெரியாது, ஆனால் வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டியது போல உறுத்தும். கையும் கணினியும் கலந்த அட்டைகள் பல இந்த ஒரு காரணத்தால்தான் ஒட்டாமல் நிற்கின்றன.

இனி தலைப்பு. என்னைக் கேட்டால் அட்டையின் பாதி வேலை இதுதான். தமிழில் கையெழுத்துத் தலைப்புக்கு வளமான மரபு இருக்கிறது. ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) பத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகளைத் தேடிப் பாருங்கள். காந்தியைக் கோடுகளில் வரைந்த அதே கை எழுத்தையும் வரைந்தது என்பது பார்த்தவுடன் தெரியும். எழுத்தும் ஓவியமும் ஒரே கையிலிருந்து வரும்போது அட்டை தானாக ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் இழைகளைப் பேனாவில் வரைந்துவிட்டுத் தலைப்பை ஃபான்ட்டில் போட்டால் பழைய சிக்கல் திரும்பவும் வரும்.

பட்டைத் தூரிகையோ வெட்டிய மூங்கில் குச்சியோ எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வை ஒரே கோணத்தில் பிடித்து எழுதினால் எழுத்துகளுக்குள் உறவு வரும். முதலில் பென்சிலில் வரைந்து, அதன்மேல் ட்ரேசிங் தாள் வைத்துத் திருத்தி, மறுபடி ஒரு தாள் வைத்துத் திருத்தி, வடிவம் கைக்குப் பழகிய பிறகு பென்சில் இல்லாமல் நேரே மையில் எழுதுங்கள். தமிழ் எழுத்தில் உள்வெளிகள்தான் சிக்கல். ண, ன, ற, ழ இவற்றின் சுழிகளும் வளைவுகளும் தடித்த தூரிகையில் அடைத்துக்கொள்ளும், சுருக்கும்போது இன்னும் அடைக்கும். அவற்றைத் தேவைக்கு மேல் திறந்து எழுதுங்கள். புள்ளி கோட்டின் கனத்துக்கு நிகராக இருக்கட்டும், எழுத்தின் தலையில் ஒட்டாமல் நிற்கட்டும். மேலே கி, கீ போன்றவற்றின் வளைவுக்கும் கீழே உகரச் சுழிக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் இரண்டு வரித் தலைப்பில் வரிகள் மோதும். அந்த மோதலை இடைவெளி கூட்டித் தவிர்ப்பதைவிட, மேல்வரியின் சுழி கீழ்வரியின் காலி இடத்தில் இறங்கும்படி அமைத்தால் தலைப்பு ஒரே உருவமாகத் தெரியும். ஒரே எழுத்து இருமுறை வந்தால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

பழைய அட்டையில் 'லை' தும்பிக்கை வடிவத்தில், ஐகாரம் எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை போல வளையும் பழைய முறையில், இருக்கிறது, அதை அப்படியே வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரியார் 1935-லிருந்து தம் இதழில் பயன்படுத்திவந்த சீர்திருத்த வடிவத்தைத் தமிழக அரசு 1978-ல் ஏற்ற பிறகுதான் பாடநூல்களும் பத்திரிகைகளும் இன்றைய வடிவத்துக்கு மாறின. 1960-களின் அட்டையில் பழைய வடிவம் இருப்பது இயல்பு. ஆனாலும் முன்னட்டையில் நான் இன்றைய வடிவத்தையே போடுவேன். பழைய வடிவம் அந்தக் காலத்து வாசகருக்கு அலங்காரமில்லை, வெறும் எழுத்து. இன்று அதைப் போட்டால் நாவலைக் காட்சிப் பொருளாக்கிவிடுவோம். பழைய அட்டையைச் சிறிதாக்கி உள்ளே தலைப்புப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரே வண்ணத்தில் போடலாம், வரைந்த ஓவியரின் பெயரோடும் உரியவர்களின் அனுமதியோடும். பழைய எழுத்து அதற்குரிய இடத்தில் அங்கே இருக்கும்.

ஆசிரியர் பெயர், பின்னட்டைக் குறிப்பு, முதுகெழுத்து இவற்றுக்கு ஃபான்ட் போதும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழ் கொம்பு இடம் மாறி உடைந்து தெரிந்தால், டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் என்ஜினைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர். எப்படியிருந்தாலும் இந்தச் சிறு எழுத்துகளை போட்டோஷாப்பில் வைக்காதீர்கள், படத்தோடு ஒன்றாக்கிச் சேமித்தால் புள்ளிகளாகிவிடும். இறுதி அடுக்குதலை இன்டிசைனிலோ இலவசமாகக் கிடைக்கும் ஸ்க்ரைபஸிலோ செய்யுங்கள்.

நிறத்தைத் தொடுவதற்கு முன் பதிப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆஃப்செட்டா, பிரின்ட் ஆன் டிமாண்டா (தேவைப்படும்போது சில படிகள் மட்டும் அடிப்பதா)? ஆஃப்செட் என்றால் என் தேர்வு இரண்டே மை. கறுப்பு ஒன்று, அரக்கு ஒன்று. அரக்கை நான்கு வண்ணக் கலவையில் எடுக்காமல் ஸ்பெஷல் கலராக மையைக் கலந்து ஒரே பிளேட்டில் அடிக்கச் சொல்லுங்கள். நான்கு பிளேட்டில் கலந்து வரும் அரக்கில் மெல்லிய இழை வரைந்தால், பிளேட்டுகளின் பொருத்தம் (ரெஜிஸ்டர்) துளி விலகினாலும் இழையின் ஓரத்தில் நீலமோ இளஞ்சிவப்போ எட்டிப் பார்க்கும். ஒரே மையில் அடித்தால் அந்தப் பயமே இல்லை, நிறமும் ஆழமாக இறங்கும். இழைகளும் தலைப்பும் கறுப்பில், அறுந்த இழையும் துணி ஒற்றலும் அரக்கில். ஒற்றலை இருபது சதவீதத்துக்கு வெளிறவைத்தால் பின்னணியாக ஒதுங்கும். சாயமிடாத கோரா நூலின் மங்கல் வெள்ளைக்குத் தனி மை வேண்டாம், அந்த நிறத்திலேயே அட்டை கிடைத்தால் அதில் அடித்துவிடலாம்.

பிரின்ட் ஆன் டிமாண்ட் என்றால் ஸ்பெஷல் கலர் பெரும்பாலும் கிடையாது. அப்போது எல்லா இழைகளும் தலைப்பும் வெறும் கறுப்பில், சிஎம்ஒய்கே என்ற நான்கு மைகளில் (நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கே என்ற கறுப்பு மட்டும் 100, மற்ற மூன்றும் சுழி. அறுந்த ஓர் இழையை மட்டும் கொஞ்சம் தடிப்பாக்கி அரக்குக் கலவையில் வையுங்கள்: சி 25, எம் 95, ஒய் 80, கே 25 என்று தொடங்கி ப்ரூஃப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். திரையில் ஆர்ஜிபியில் பார்த்து மயங்கிய பளீர் சிவப்பும் நீலமும் மையில் வராது, முதல் நாளிலிருந்தே சிஎம்ஒய்கே ப்ரிவ்யூவை இயக்கிவைத்து வேலை செய்யுங்கள்.

இழைகளின் எண்ணிக்கைக்கும் இணைய விற்பனைக்கும் தொடர்பு உண்டு. கடைப் பக்கத்தில் உங்கள் அட்டை 150 பிக்சல் அகலத்தில் தெரிந்தால் உயரம் 230 பிக்சல்தான். நூற்றிருபது கோடு வரைந்திருந்தால் ஒரு கோட்டுக்கும் அதன் இடைவெளிக்கும் சேர்த்து 2 பிக்சல்கூடக் கிடைக்காது, படம் அலையலையாக மின்னும். நாற்பது கோடு என்றால் ஐந்தாறு பிக்சல் கிடைக்கும், தாங்கும். வரைவதற்கு முன்பே பென்சில் மாதிரியை கைபேசியில் படம் பிடித்துச் சுருக்கிப் பாருங்கள். அறுந்த இழை அந்த அளவிலும் தெரிய வேண்டும்.

பின்னட்டையில் பார்கோடுக்கு வெள்ளைப் பெட்டி ஒன்று விடுங்கள். முழு அளவு 37-க்கு 26 மில்லிமீட்டர், எண்பது சதவீதம் வரை சுருக்கலாம், பட்டைகள் கறுப்பு மையில் மட்டும். குறிப்புப் பத்தி வரும் இடத்தில் இழைகளை வெளிறவைப்பதைவிட நிறுத்திவிடுவது நல்லது. கோட்டின் மேல் எழுத்து ஓடினால் கண்ணாடி போட்டவர்கள் படிக்க மாட்டார்கள்.

லேமினேஷன் மேட் போடுங்கள். பளபளப்பு இந்தக் கோடுகளுக்கு ஒவ்வாது. லேமினேஷனே இல்லாமல் சொரசொரப்பான அட்டையில் அடித்தால் இன்னும் அழகுதான். ஆனால் வெளிர் நிற அட்டை நம்மூர் வியர்வைக் கையில் சில மாதத்தில் கறுத்துவிடும், நூலகத்துக்குப் போகும் படிகளுக்கு அது ஆகாது.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன் சாதாரண லேசர் பிரிண்டரில் உண்மை அளவில் எடுத்து, அதே கனமுள்ள வேறொரு புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டு, அலமாரியில் மற்ற புத்தகங்களுக்கு நடுவே இரண்டு நாள் வையுங்கள். திரையில் படாத குறைகள் அதில் படும்: முதுகெழுத்து சிறிதாக இருப்பது, தலைப்பு வெட்டு ஓரத்துக்கு மிக அருகில் இருப்பது, அட்டை மடியும் இடத்தில் முடிச்சு விழுவது. பிடிஎஃப்போடு கோட்டு பிட்மேப்பையும் தனியாகக் கொடுங்கள். ஆஃப்செட் என்றால் முதல் தாள்கள் ஓடும்போது அச்சகத்தில் இருங்கள். ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப்போய், அறுந்த இழையின் நுனியைப் பாருங்கள். அங்கே கோடு உடையாமல் புள்ளியில்லாமல் இருந்தால் மற்ற இடங்களிலும் சரியாக இருக்கும். அரக்கு வெளிறியிருந்தால் மெஷினில் இருப்பவரிடம் அப்போதே சொல்லுங்கள், மையைக் கூட்டிக்கொடுப்பார். நூறு தாள் தாண்டிய பிறகு சொல்வதைவிட அவருக்கும் அதுவே வசதி.